ஆறு சிலிண்டர் வண்டி பார்க்கும் மகளுக்கு

அன்புள்ள தாயி,

2006 மாடல் ஹோண்டா அக்கார்டு வி6 ஆட்டோமேட்டிக் (ஆறு சிலிண்டர் கார்) ஒன்று பெங்களூரில் விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வாங்கலாம், ஆனால் ஓட்டிப் பார்க்கிற விதத்தில் பார்த்து வாங்க வேண்டும். விற்கிறவர் உன்னை ஓசூர் ரோட்டுக்குக் கூட்டிப்போய் ஒரே மிதியில் 120 காட்டுவார். அதில் மயங்காதே. மூன்று லிட்டர் இன்ஜின் பாதி ஓய்ந்து கிடந்தாலும் நேர் ரோட்டில் 120 போகும். தினசரி ஓட்டத்தில் அதன் அருமை தெரிவது உச்சிவெயிலில்தான். ஏ.சி. போட்டு, நம்ம கோரிப்பாளையம் மாதிரி ஒரு நெரிசல் சிக்னலில் நின்றுவிட்டு, பிரேக்கிலிருந்து காலை எடு. வண்டி எப்படி நகர்கிறது என்று அங்கே பார்.

நாலு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றுகிற தண்டு) 180 டிகிரி சுற்றினால்தான் அடுத்த சிலிண்டரில் பெட்ரோல் வெடிக்கும். ஆறு சிலிண்டரில் 120 டிகிரிக்கு ஒன்று. ஒரு தள்ளு ஓயும் முன்பே அடுத்தது வந்து சேர்ந்துவிடும். அதனால் ஓட்டம் மென்மையாக இருக்கும். இன்ஜினும் பெரிது என்பதால் 1500, 2000 ஆர்.பி.எம்.மிலேயே நல்ல இழுவை இருக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தவே வேண்டாம், தொட்டால் போதும். ஐந்து பேரும் டிக்கி நிறைய சாமானும் ஏ.சி.யும் இருந்தாலும் வண்டி திணறாது. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இந்தச் சுகம்தான் வேண்டும். மணிக்கு 100-ல் போகும்போது ஆர்.பி.எம். முள் 2000-ஐ ஒட்டியே நிற்கும். கரூர் தாண்டி லாரியை முந்த மிதித்தால் கியர் இரண்டு படி இறங்கி, மறு பேச்சில்லாமல் முன்னே போகும்.

இந்த மென்மை குறைந்தால் முதலில் இன்ஜினைத் தாங்குகிற ரப்பர் மவுண்டிங்கைப் பார்க்கச் சொல். இந்த இன்ஜினுக்கு எண்ணெய் நிரப்பிய மவுண்டிங். ரப்பர் கிழிந்தால் எண்ணெய் வழிந்து அடியில் கறை தெரியும். பிரேக்கை மிதித்தபடி கியரை என்-லிருந்து (நியூட்ரல்) டி-க்குப் (டிரைவ்) போடு. ஒரு நொடியில் மெல்லப் பிடிக்க வேண்டும். 'டொக்' என்று இடித்தால் மவுண்டிங் அல்லது கியர்பாக்ஸ். நிற்கும்போது ஸ்டீயரிங்கில் நடுக்கம் வந்து, என்-க்கு மாற்றியதும் அடங்கினால் பெரும்பாலும் மவுண்டிங்தான். விட்டுவிட்டு உதறினால் ஏதோ ஒரு சிலிண்டர் வெடிக்காமல் மிஸ் அடிக்கிறது. ஸ்கேனர் போட்டால் பி0301 முதல் பி0306 வரை எந்த சிலிண்டர் என்று சொல்லிவிடும். 1, 2, 3 டேஷ்போர்டுப் பக்கம்; 4, 5, 6 ரேடியேட்டர் பக்கம். பிளக் மாற்றினோம் என்று சொல்கிறவர்கள் பல பேர் கைக்கு எட்டுகிற முன் மூன்றை மட்டும் மாற்றிவிட்டு பின் மூன்றை அப்படியே விட்டிருப்பார்கள். ஆறையும் கழற்றி வரிசையாக வைத்துக் காட்டச் சொல். பின்பக்க வால்வு கவர் கேஸ்கெட் கசிந்தால் ஆயில் எக்சாஸ்ட் மேல் சொட்டிக் கருகும்; சிக்னலில் நிற்கும்போது அந்த வாடை உள்ளே வரும்.

அடுத்தது டைமிங் பெல்ட், அதாவது வால்வும் பிஸ்டனும் நேரம் தவறாமல் இயங்க வைக்கிற பெல்ட். இதில் செயின் கிடையாது. பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போச்சு. 1 லட்சம் கிலோமீட்டர் அல்லது 7 வருடம், எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. ஓடாமல் நின்ற வண்டியிலும் ரப்பருக்கு வயது ஏறிக்கொண்டேதான் இருக்கும். 'மாற்றியாச்சு மேடம்' என்கிற வாய்ச்சொல்லை ஏற்காதே. கிலோமீட்டர், தேதியோடு பில் இருந்தால் மட்டும் நம்பு. இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வைத்து விலையில் குறை. பெல்ட்டோடு வாட்டர் பம்ப், ஹைட்ராலிக் டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிறது), டென்ஷனர் புல்லி, ஐட்லர் புல்லி, கேம், கிராங்க் ஆயில் சீல் எல்லாம் ஒரே தடவையில் மாற வேண்டும். வாட்டர் பம்பை ஓட்டுவதே இந்த பெல்ட்தான். பம்ப் மட்டும் பிறகு கசிந்தால் கூலி இரண்டாவது தடவை. வேலைக்கு இன்ஜின் பக்க மவுண்டிங்கைக் கழற்றத்தான் வேண்டும் என்பதால் பழசாக இருந்தால் அதையும் அப்போதே போட்டுவிடு. மெக்கானிக்கிடம் ஒன்று கேள்: கிராங்க் புல்லியைப் பிடிக்க 50 மி.மீ. ஹோல்டர் வைத்திருக்கிறாரா? நடுவில் இருக்கிற 19 மி.மீ. போல்ட் லேசில் அசையாது. அந்த டூல் இல்லாதவர் வேறு எங்காவது கம்பியைக் கொடுத்து நெம்பி எதையாவது உடைப்பார். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் இரண்டு நொடி கடகடவென்று சத்தம் வந்து அடங்கினால் அந்த ஹைட்ராலிக் டென்ஷனர் ஓய்ந்துவிட்டது. அதனால் நீ போவதற்கு முன் இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போ.

கியர்பாக்ஸுக்கு எதிரி சூடு. 2003, 2004 மாடல் வி6 ஆட்டோமேட்டிக்குகளை இரண்டாவது கியர் சூடேறுகிற கோளாறுக்காக 2004-ல் அமெரிக்காவில் ஹோண்டாவே திரும்ப அழைத்தது. நீ பார்ப்பது பிந்தைய வண்டி. ஆனாலும் கியர் ஆயில் விஷயத்தில் கஞ்சத்தனம் ஆகாது. அளவு பார்க்கும் முறையும் வேறு: இன்ஜின் சூடான பின் அணைத்துவிட்டு, 60 முதல் 90 நொடிக்குள் குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும். ஆயில் சிவப்பாக இருந்தால் நல்லது. கறுத்து, கருகிய வாடை அடித்தால் அந்த வண்டியை விட்டுவிடு. 50-லிருந்து 80-க்குள், லேசான மிதியில், ரோட்டில் போட்ட வெள்ளைப் பட்டைகள் மேல் ஏறுவது போல அதிர்ந்தால் டார்க் கன்வெர்ட்டரில் (இன்ஜின் சக்தியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குத் தருகிற பாகம்) சிக்கல்.

கியர் ஆயிலை வடித்தால் ஒரு தடவைக்கு சுமார் 3 லிட்டர்தான் வெளியே வரும், மிச்சம் கன்வெர்ட்டரிலேயே தங்கிவிடும். ஆகவே வடித்து, நிரப்பி, எல்லா கியரும் விழுகிற மாதிரி ஓட்டி, மறுபடி வடித்து என்று மூன்று சுற்று. ஹோண்டாவின் பழைய இசட்-1 ஆயிலுக்குப் பதிலாக இப்போது டிடபிள்யூ-1 ஊற்ற வேண்டும். மிஷின் வைத்து அழுத்தி அலசுகிற வேலை வேண்டாம். வடிப்பு போல்ட்டில் காந்தம் உண்டு. அதில் கரும்பசை ஒட்டியிருப்பது சகஜம். உலோகச் சில்லு இருந்தால் ஆபத்து.

பத்தலகுண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது டி-யில் விட்டால் மூன்றுக்கும் நாலுக்கும் மாறி மாறித் தாவும். அந்தத் தாவலில்தான் ஆயில் சூடேறும். டி3 (மூன்றாவது கியருக்கு மேல் போகாத நிலை) போட்டுக்கொள், ஒரே சீராக ஏறும். இறங்கும்போதும் டி3, செங்குத்தான வளைவில் 2. மூன்று லிட்டர் இன்ஜின் நன்றாகவே பிடித்து நிறுத்தும், பிரேக் டிஸ்க் சூடேறாது. மூக்கில் கனம் அதிகம் என்பதால் கொண்டை ஊசி வளைவில் வண்டி வெளிப்பக்கம் தள்ளும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிடு.

நம்ம ஊர் வெயிலுக்குக் கூலிங் பலமாக இருக்க வேண்டும். ஏ.சி. போட்டால் முன்னால் இரண்டு ஃபேனும் சுற்றணும். ஓட்டத்தில் ஏ.சி. ஜில்லென்று இருந்து, சிக்னலில் நின்றதும் காற்று சூடானால் ஒரு ஃபேன் செத்துவிட்டது. கூலன்ட்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றிய வண்டியில் ரேடியேட்டர் மூடிக்கடியில் வெள்ளை உப்பு படிந்திருக்கும். இன்ஜின் ஆறிய பிறகு திறந்து பார். கியர் ஆயிலும் அந்த ரேடியேட்டர் வழியாகத்தான் ஆறுகிறது. உள்ளே ஓட்டை விழுந்து இரண்டும் கலந்தால் ஆயில் ரோஸ் பால் நிறத்துக்கு மாறும். அதற்கப்புறம் கியர்பாக்ஸ் தேறாது.

ஸ்டீயரிங் திருப்பும்போது முனகினால் உடனே பம்ப் விலை பேசுவார்கள். பம்புக்குள் ஆயில் போகிற குழாயின் ஓ-ரிங் காய்ந்து காற்றை உறிஞ்சினாலும் இதே முனகல் வரும். முதலில் அந்தச் சின்ன ரிங்கை மாற்றச் சொல்.

மைலேஜ் ஊருக்குள் 6, 7. நான்குவழியில் 10, 11. இதற்குச் சம்மதமில்லை என்றால் இந்தப் பேச்சே வேண்டாம். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை நினைத்துச் செய்த வண்டியில்லை இது. பெட்ரோல் ஹோஸ்களை ஒரு தடவை புதுசாக மாற்றிவிடுவது நல்லது.

மற்ற வண்டிகளில், நிசான் டியானா 2.5-க்கு டைமிங் செயின், அந்தக் கவலை இல்லை. ஆனால் சிவிடி (படிப்படியான கியர் இல்லாத) கியர்பாக்ஸ், ஆயில் மாற்றிய பில் இல்லாவிட்டால் தொடாதே. ஹூண்டாய் சொனாட்டா 2.7-க்கும் பெல்ட்தான். ஸ்கோடா சூப்பர்ப் 3.6 ஓட்ட அருமையானது, ஆனால் செயின் இன்ஜினின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது, அதைத் தொடுவதே பெரிய வேலை. உன் பட்ஜெட்டுக்கு அது வேண்டாம்.

ஆர்.சி.யைக் கையில் வாங்கிப் பார். 2006-ல் பதிவான வண்டிக்கு 15 வருடம் 2021-ல் முடிந்திருக்கும். புதுப்பித்த 5 வருடம் 2026-ல் முடிகிறது. 20 வருடம் தாண்டினால் புதுப்பிக்கும் கட்டணமும் கூடும். இங்கே கொண்டுவந்து ஓட்டுவதானால் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) தமிழ்நாட்டு வரியும் தனிச் செலவு. ஆர்.சி., பெல்ட் பில், கழற்றிய ஆறு பிளக், மூன்றையும் போட்டோ எடுத்து அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதே.

அன்புடன்,
அப்பா
மதுரை