எழுதியதைத் திருப்பித் தாருங்கள்: செயலி உருவாக்கும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

கைப்பேசிச் செயலிகளை உருவாக்கும் நிறுவனங்களின் தயாரிப்புப் பொறுப்பாளர்களுக்கும் தலைமைப் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கும் ஒருவர், இடையில் வந்த அழைப்பைப் பேசிவிட்டோ, குறுஞ்செய்தியில் வந்த ஓடிபியைப் பார்த்துவிட்டோ உங்கள் செயலிக்குத் திரும்பும்போது, அதுவரை எழுதிய அத்தனையும் காணாமல் போய் முகப்புத் திரை வந்து நிற்கும் கொடுமையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் செயலிகளுக்கு வரும் விமர்சனங்களில் பயனர்கள் இதை மீண்டும் மீண்டும் எழுதுகிறார்கள். காரணம் என்ன, தீர்வு என்ன என்பது உங்கள் பொறியாளர்களுக்கும் தெரியும். தெரிந்த ஒன்று ஏன் இன்னும் செய்யப்படாமல் கிடக்கிறது என்று கேட்பதற்கும், இனியாவது செய்யுங்கள் என்று வேண்டுவதற்குமே இந்த மடலை எழுதுகிறேன். பயனர் எழுதியதைக் காப்பாற்றி, அவர் திரும்பி வரும்போது விட்ட இடத்திலேயே அதைத் திருப்பித் தாருங்கள்.

செயலிகளைச் சோதிப்பது என் தொழில் என்பதால் இந்தப் பிழை எனக்குப் பழகிப்போன ஒன்று. ஆனாலும், அண்மையில் என் பெரியம்மா ஒரு காப்பீட்டுச் செயலியில் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. மருத்துவச் செலவைத் திரும்பப் பெறுவதற்கான படிவம் அது. மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பாலிசி எண்ணின் ஒவ்வோர் இலக்கத்தையும் வாய்விட்டுச் சொல்லியபடி தட்டினார். மருத்துவமனையில் சேர்ந்த நாள், வீடு திரும்பிய நாள், ரசீதுகளில் உள்ள தொகைகள், வங்கிக் கணக்கு எண், சரிபார்ப்பதற்காக அதே எண் இன்னொரு முறை என்று பக்கம் பக்கமாக நிரப்பிக் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். அங்கே ரசீதைப் படம் எடுக்கச் சொல்லி ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினார், கேமரா திறந்தது. ரசீதை மேசையில் விரித்துவைத்துப் படம் எடுத்து, எழுத்து தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துச் சரி என்பதைத் தொட்டார். நிறுவனத்தின் இலச்சினை ஒரு கணம் தோன்றி மறைந்தது. அடுத்து முகப்புத் திரை வந்தது. ‘அப்பாடா, போய்ச் சேர்ந்துவிட்டது’ என்று கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டார்.

போய்ச் சேரவில்லை. அனுப்பிய கோரிக்கைகளின் பட்டியலைத் திறந்து பார்த்தால் அது காலியாக இருந்தது. எழுதியது அழிந்தது ஒரு குற்றம் என்றால், அழிந்தது தெரியாதபடி, வேலை முடிந்துவிட்டது என்று நம்பும்படி ஒரு திரையைக் காட்டியது அதைவிடப் பெரிய குற்றம். செயலிகளோடு பழகியவர் சலித்துக்கொண்டாவது மறுபடி தொடங்குவார். பெரியம்மாவைப் போன்றவர் பணம் வரும் என்று வாரக்கணக்கில் காத்திருப்பார். விண்ணப்பிக்க வேண்டிய கெடுவும் கடந்துவிடும். அப்போது உங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, ‘உங்கள் பெயரில் எந்தக் கோரிக்கையும் பதிவாகவில்லை’ என்று பதில் சொல்லும். நாங்கள் மறுபடி நிரப்பியபோதும் அதே கேமராப் படியில் அதே முடிவுதான். நினைவகம் அதிகமுள்ள வேறொரு கைப்பேசியில் செய்த பிறகே வேலை முடிந்தது.

அங்கே நடந்தது இன்னதென்று உங்கள் பொறியாளர்கள் இதைப் படிக்கும்போதே சொல்லிவிடுவார்கள். கேமராவுக்கு நினைவகம் நிறைய வேண்டும். இடம் போதாதபோது ஆண்ட்ராய்டு பின்னணியில் இருக்கும் செயலியின் இயக்கத்தை முன்னறிவிப்பின்றி நிறுத்திவிடும். இது இயங்குதளத்தின் கோளாறன்று. அது வெளிப்படையாக அறிவித்துவிட்டுப் பின்பற்றும் நடைமுறை. அப்படி நிறுத்தினாலும் எந்தத் திரையில் பயனர் இருந்தார், அதற்கு முன் எந்தெந்தத் திரைகளைக் கடந்து வந்தார் என்ற குறிப்பை இயங்குதளம் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. அவர் திரும்பியதும் அதே திரையைப் புதிதாக எழுப்பி, செயலி முன்பே ஒப்படைத்த சிறு பொதியையும் அதன் கையில் கொடுக்கிறது. கேமரா எடுத்த படத்தின் விவரமும் அந்தப் புதிய திரைக்கே வந்து சேரும். எந்தப் பொதியையும் ஒப்படைக்காத செயலிக்கோ திருப்பிக் கொடுக்க ஒன்றுமில்லை. அதுவரை நினைவகத்தில் மட்டும் வைத்திருந்த உள்நுழைவு விவரம் வெறுமையாக இருப்பதைக் கண்டு, எங்கே பிழையாகிவிடுமோ என்று அது தானாகவே முதல் திரைக்கு ஓடிவிடுகிறது. பெரியம்மா பார்த்த இலச்சினை அந்த ஓட்டத்தின் அடையாளம்.

இதற்கான கருவிகள் நேற்று வந்தவை அல்ல. அந்தப் பொதியை ஒப்படைப்பதற்கான ஆன்-சேவ்-இன்ஸ்டன்ஸ்-ஸ்டேட் என்ற வழிமுறை 2008இல் வந்த ஆண்ட்ராய்டின் முதல் பதிப்பிலேயே இருந்தது. ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸில் 2010இல் பல செயலிகளைப் பின்னணியில் வைத்திருக்கும் வசதி வந்தது. நிறுத்தப்பட்ட செயலியின் திரைநிலையை மீட்கும் வசதி 2012இல் ஐஓஎஸ் 6உடன் வந்தது. ஆப்பிளின் திரை வடிவமைப்புக் கருவியான ஸ்விஃப்ட்யூஐ-க்கு, திரைநிலையைச் சேமிக்கும் சீன்ஸ்டோரேஜ் 2020இல் கிடைத்தது. ஆண்ட்ராய்டில் திரையின் தரவை வைத்திருக்கும் வியூமாடல் என்ற கூறை 2017இல் கூகுள் அறிமுகப்படுத்திய பிறகு, அதில் வைத்தால் எல்லாம் பத்திரம் என்று பலர் எண்ணிக்கொண்டிருப்பதைக் குழுக் கூட்டங்களில் கேட்கிறேன். கைப்பேசியைச் சாய்க்கும்போது திரை சுழல்வதை வியூமாடல் தாங்கும். இயக்கம் நிறுத்தப்படுவதைத் தாங்காது. அதைத் தாங்குவதற்கென்றே, தரவைப் பொதியில் சேர்த்துவைக்கும் சேவ்டுஸ்டேட்ஹேண்டில் இருக்கிறது. ஆண்ட்ராய்டின் திரை வடிவமைப்புக் கருவியான காம்போஸில் ரிமெம்பர் என்று எழுதிய இடத்தில் ரிமெம்பர்சேவபிள் என்று எழுதினால், தேர்ந்தெடுத்த தாவலும் பாதியில் நிற்கும் ஒரு வரியும் பிழைத்துக்கொள்ளும்.

இந்தப் பொதியில் எல்லாவற்றையும் திணிக்கச் சொல்லவில்லை. அது செயலிக்கும் இயங்குதளத்துக்கும் இடையே தரவைக் கடத்தும் பைண்டர் வழியாகப் போகிறது. ஒரு செயலியின் இயக்கம் முழுமைக்கும் அதற்குக் கிடைப்பது ஏறத்தாழ 1 எம்பி இடம்தான். 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், அளவு மீறினால் செயலியே முறிந்து விழும். மேலும், அண்மைச் செயலிகளின் பட்டியலிலிருந்து பயனர் செயலியைத் தள்ளிவிட்டால் அந்தப் பொதியும் போய்விடும். ஆகவே, நீண்ட படிவத்தின் வரைவு கைப்பேசியில் உள்ள தரவுத்தளத்தில் இருக்க வேண்டும். பொதியில் அந்த வரைவின் எண்ணும், பயனர் நின்ற பக்கமும், கேமரா படத்தை வைக்கப்போகும் கோப்பின் முகவரியும் இருந்தால் போதும். நினைவகம் போதாமல் நின்றதா, மின்கலம் தீர்ந்ததா, தானே தள்ளி மூடினாரா என்ற வேறுபாடெல்லாம் நமக்குத்தான். பயனருக்குத் தெரிந்தது ஒன்றே: எழுதினேன், இப்போது காணோம்.

பாதுகாப்புக் கருதியே சேமிக்கவில்லை என்று சில நிறுவனங்கள் பதில் சொல்கின்றன. கடவுச்சொல்லையும் ஓடிபியையும் அட்டையின் பின்புற எண்ணையும் சேமிக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. மருத்துவமனையில் சேர்ந்த நாளுக்கு என்ன வந்தது? நேரம் கடந்ததால் மறுபடி உள்நுழையச் சொல்லுங்கள். உள்நுழைந்ததும் பாதியில் நின்ற பக்கத்துக்கே கூட்டிச் செல்லுங்கள். இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டுதல்கள் இதையே சொல்கின்றன. உள்நுழைவுக் காலம் முடிந்தாலும், மீண்டும் தம்மை உறுதிசெய்த பயனர் தரவு எதையும் இழக்காமல் தொடர முடிய வேண்டும் என்று அவற்றின் 2.2.5ஆம் விதி கூறுகிறது. செயல்படாமல் இருந்தால் தரவு அழியும் என்றால் எவ்வளவு நேரத்தில் அழியும் என்று எச்சரிக்க வேண்டும், 20 மணி நேரத்துக்கு மேல் தரவைக் காத்தால் அந்த எச்சரிக்கை தேவையில்லை என்று 2018இல் சேர்க்கப்பட்ட 2.2.6ஆம் விதி கூறுகிறது. இவை மிக உயர்ந்த நிலைக்கான விதிகள், எங்களைக் கட்டுப்படுத்தா என்று நீங்கள் சொல்லலாம். கட்டாயப்படுத்தும் வரை காத்திருக்க வேண்டிய காரியமா இது?

எங்கள் கைப்பேசியில் இந்தப் பிழை வரவில்லை என்பது இன்னொரு பதில். இந்தப் பிழையைக் காணொளியுடன் பதிவுசெய்தாலும், ‘மீண்டும் நிகழவில்லை’ என்று எழுதி மூடிவிடும் வழக்கத்தால் என்னைப் போன்ற சோதனையாளர்கள் மனம் வெதும்பிப்போயிருக்கிறோம். அலுவலக மேசையில் இருக்கும் விலையுயர்ந்த கைப்பேசியில் அது எப்படி நிகழும்? கைப்பேசி அமைப்புகளில் உள்ள உருவாக்குநர் விருப்பங்களில் ‘டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்’ என்பதை இயக்கிவைத்தால் திரைகள் அழிந்து மீள்வதைப் பார்க்கலாம். இயக்கமே நிற்பதைப் பார்க்க, செயலியைப் பின்னணிக்கு அனுப்பிவிட்டு கணினியிலிருந்து கைப்பேசிக்குக் கட்டளையிடும் ஏடிபி வழியாக, இயக்கத்தை நிறுத்தும் ஏஎம் கில் கட்டளையைக் கொடுத்து, அண்மைப் பட்டியலிலிருந்து திரும்பி வாருங்கள். ஒரு படிவத்துக்கு ஓரிரு நிமிடம்கூட ஆகாது. கைப்பேசியைச் சாய்த்தால் திரை சுழன்று புதிதாக எழுவதைத் தவிர்ப்பதற்காகவே சில குழுக்கள் திரையைச் செங்குத்தாகப் பூட்டிவிடுகின்றன. எழுத்தின் அளவை மாற்றினாலும், மொழியை மாற்றினாலும், இருள் தோற்றத்துக்குப் போனாலும் திரை புதிதாக எழும் என்பதை அந்தப் பூட்டு மறைத்துவைக்கிறதே தவிர மாற்றுவதில்லை.

நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள இயலாதவர்கள் அல்லர் என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பயனர் எந்தப் பொருளை எவ்வளவு நேரம் பார்த்தார், எதைத் தேர்ந்தெடுத்துவிட்டு வாங்காமல் போனார் என்பதையெல்லாம் மாதக்கணக்கில் காத்துவைத்து, நள்ளிரவில்கூட அறிவிப்பு அனுப்புகிறீர்கள். உங்களுக்கு வருவாய் தரும் நினைவு ஒன்றும் அழிவதில்லை. பயனர் தம் தேவைக்காக எழுதியது மட்டும் கேமரா திறந்தவுடன் அழிகிறது. பாதி எழுதிய தாளை ஒருவர் கையிலிருந்து பிடுங்கிக் கிழிப்பதை எந்த அலுவலகமும் முறை என்று சொல்லாது. திரையில் நடப்பதால் அதை மட்டும் நாம் பொறுத்துக்கொள்கிறோம். கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்தருள வேண்டும், கோரிக்கைக்கே திரும்புகிறேன்.

பயனர் ஒரு கட்டத்தை நிரப்பி அடுத்ததற்கு நகரும்போதே எழுதியதைச் சேமியுங்கள். கடைசிப் பொத்தானை அழுத்தும்வரை காத்திருக்க வேண்டாம். திரும்பி வருபவரை அதே பக்கத்தில் நிறுத்தி, ‘இது இன்னும் அனுப்பப்படவில்லை’ என்பதை அவர் கண்ணில் படும்படி எழுதிக் காட்டுங்கள். அந்த ஒரு வரி இருந்திருந்தால் பெரியம்மா கைப்பேசியைக் கீழே வைத்திருக்க மாட்டார். வரைவு வேண்டாம் என்று அவரே நீக்கவும் வழி இருக்கட்டும். ஒரே கைப்பேசியைப் பலர் பயன்படுத்தும் வீடுகள் உண்டு என்பதால் வரைவை உள்நுழைந்தவரின் கணக்கோடு கட்டிவையுங்கள். அனுப்பி முடிந்ததும் அழித்துவிடுங்கள். பணம் செலுத்தும் திரையில் மட்டும் பழைய நிலையை அப்படியே மீட்டுவிடாமல், பணம் போய்ச் சேர்ந்ததா என்று வழங்கியிடம் (சர்வரிடம்) முதலில் கேட்டுவிட்டுக் காட்டுங்கள். இல்லையென்றால் ஒருவர் இருமுறை செலுத்த நேரிடும்.

அடுத்த வெளியீட்டுக்கு முன், ஒவ்வொரு படிவத்திலும் கேமராவுக்குப் போய்த் திரும்பும்போது செயலியின் இயக்கத்தை நிறுத்திப் பார்க்கும் சோதனையை ஏற்பு நிபந்தனைகளில் ஒன்றாகச் சேர்க்குமாறும், அதில் தேறாத படிவத்தை வெளியிடாதிருக்குமாறும், ‘மீண்டும் நிகழவில்லை’ என்று மூடிய பழைய பதிவுகளை நினைவகம் குறைந்த ஒரு கைப்பேசியில் மறுபடி திறந்து பார்க்குமாறும் உங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலிச் சோதனைப் பணியில் உள்ள ஒருவர்