கார்டின் பின்பக்கத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரித்தானியாவில் நமது ஆட்கள் படிக்கும் வேலைவாய்ப்புப் பக்கங்களில் "லொறிச் சாரதி தேவை, ஐரோப்பிய லைசன்ஸ் போதும்" என்ற வரி அடிக்கடி வருகிறது. அந்தப் "போதும்" சரியில்லை என்பதால் இதை எழுதுகிறோம். இங்கே சொல்வது இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும்தான். வட அயர்லாந்தில் லைசன்ஸ் அலுவலகமே வேறு.

ஜேர்மனியிலிருந்து வந்த சாரதி ஒருவர் கார்டை நீட்டினால், பெரும்பாலான முதலாளிமார் படத்தையும் 4பி இலக்கத்துக்கு நேரே உள்ள திகதியையும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். 4பி என்பது பிளாஸ்டிக் கார்டின் ஆயுள், அவ்வளவே. லொறி ஓட்டும் உரிமை எப்போது முடிகிறது என்பது பின்பக்கத்தில், சி (லொறி) அல்லது சிஇ (ட்ரெய்லர் பூட்டிய லொறி) நிரையில், 11ஆம் நிரலில் இருக்கிறது. ஜேர்மன் கார்டு 15 வருடத்துக்கு. அதே கார்டில் லொறிக்கு 5 வருடம்தான். முன்பக்கத்தில் 2035 என்றிருக்க, சி நிரை போன மாதமே முடிந்திருக்கலாம்.

அதற்கு அடுத்தது 12ஆம் நிரல். அங்கே சின்ன எழுத்தில் உள்ள குறியீட்டு எண்களில்தான் விஷயமே இருக்கிறது. 01 என்றால் கண்ணாடி அல்லது கொண்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டுதான் ஓட்டலாம். 78 என்றால் ஓட்டோமட்டிக் கியர் மட்டும். உங்கள் யார்டில் ஒரேயொரு பழைய மெனுவல் வண்டி நின்றாலும் அவரை அதில் ஏற்ற முடியாது. 95 என்பது தொழில்முறைச் சாரதித் தகுதி, அதாவது சிபிசி; அதை ஒட்டியே முடிவுத் திகதியும் இருக்கும். 95 இல்லை என்றவுடனே ஆளைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். பிரான்ஸ் அதைத் தனிக் கார்டாகக் கொடுக்கிறது. ஜேர்மனியும் 2021 மே முதல் அப்படித்தான். அந்த இரண்டாவது கார்டைக் கேளுங்கள்.

நமது ஆட்களைப் பொறுத்தவரை பெரிய பொறி 70. அந்தச் சாரதி அந்த நாட்டில் பரீட்சை எழுதி லைசன்ஸ் எடுக்கவில்லை, வேறொரு நாட்டு லைசன்ஸைக் கொடுத்து மாற்றியிருக்கிறார் என்பதே அதன் பொருள். 70க்குப் பின்னால் பழைய லைசன்ஸின் இலக்கமும் நாட்டின் குறியும் வரும். இலங்கை என்றால் சிஎல். சிலோன் காலத்துக் குறி இன்னும் மாறவில்லை. லைசன்ஸ் அலுவலகமான டிவிஎல்ஏ பார்ப்பது பரீட்சை எங்கே எடுத்தீர்கள் என்பதைத்தான். கார்டின் நிறத்தை அல்ல. சி நிரையில் இந்த 70 இருந்து, பின்னால் உள்ள குறி ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாடொன்றினுடையது என்றால், டிவிஎல்ஏயிடம் எழுத்தில் பதில் வாங்கும்வரை அவரை வண்டியில் ஏற்றாதீர்கள். "பத்து வருடமாக அங்கே ஓட்டினேன்" என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது இதற்குப் பதில் ஆகாது.

ஐரோப்பிய நாடொன்றில் பரீட்சையில் தேறியே எடுத்த லொறி லைசன்ஸ் என்றால் சலுகை உண்டு. இங்கே குடியிருக்கத் தொடங்கும்போது 45 வயதுக்குக் குறைந்தவர், 45 வயதாகும்வரை அல்லது 5 வருடம், இவற்றில் எது நீண்டதோ அதுவரை ஓட்டலாம். 38 வயதில் வந்தவருக்கு 45 வரை. 42 வயதில் வந்தவருக்கு 47 வரை. 45 முதல் 64 வயதுக்குள் வந்தவருக்குக் கணக்கு தலைகீழ்: 66ஆவது பிறந்தநாள் அல்லது 5 வருடம், எது முந்தியதோ அதுவரை. நாள் எண்ணுவது குடியேறிய திகதியிலிருந்து, உங்களிடம் வேலைக்குச் சேர்ந்த திகதியிலிருந்து அல்ல. ஆகவே வாடகை ஒப்பந்தம், கவுன்சில் டக்ஸ் கடிதம் போன்ற ஒன்றின் பிரதியைக் கோப்பில் வையுங்கள். லொறிச் சாரதியானால் குடியேறி 12 மாதத்துக்குள் அந்த லைசன்ஸை டிவிஎல்ஏயில் பதியவும் வேண்டும். பலருக்கு இது தெரியவே தெரியாது.

இந்தக் காலக்கெடுவெல்லாம் லைசன்ஸ் உயிரோடு இருக்கும்வரைதான். சி நிரை முடிந்தால் பழைய நாட்டில் போய்ப் புதுப்பிக்கலாம் என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். அங்கே குடியிருக்காதவருக்கு அந்த நாடு புதுப்பித்துத் தராது. எனவே வேலைக்கு எடுக்கும் அன்றே 11ஆம் நிரல் திகதியைக் கலண்டரில் குறித்து, அதற்கு ஆறு மாதம் முன்பே பிரித்தானிய லைசன்ஸாக மாற்ற விண்ணப்பிக்கச் செய்வதே எங்கள் ஆலோசனை.

இலங்கை, இந்திய லைசன்ஸை நேரே கொண்டுவருபவர்கள் விஷயம் சுருக்கமானது. இங்கே குடியிருப்பவர் அதை வைத்து 12 மாதம் கார் ஓட்டலாம், லொறி ஓட்ட முடியாது. சர்வதேச அனுமதிப் பத்திரம் கையில் இருந்தாலும் அதேதான். அது லைசன்ஸின் மொழிபெயர்ப்பு, தனி உரிமை அல்ல. எழுத்துகளும் ஏமாற்றும். பிரித்தானியாவில் சி1 என்றால் 3.5 முதல் 7.5 தொன் வரை. இலங்கையில் அதே சி1 17 தொன் வரை போகும். இந்திய எல்எம்வி, அதாவது இலகு மோட்டார் வாகன வகை, 7,500 கிலோ வரை. சி1 என்றால் சி1தானே என்று சமன் செய்துவிட முடியாது. இவர்கள் முதலில் இங்கே கார் லைசன்ஸ் எடுத்து, டி4 படிவத்தில் வைத்தியரின் சான்றோடு லொறிக்கான புரவிஷனல் (பழகுநர் லைசன்ஸ்) பெற்று, பிறகு தியரி, ஆபத்துணர்வுப் பரீட்சை, கேஸ் ஸ்டடி, ஓட்டுதல், செயல்முறை விளக்கம் எல்லாவற்றிலும் தேற வேண்டும். தியரியில் 100க்கு 85, கேஸ் ஸ்டடியில் 50க்கு 40.

சிபிசி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை 35 மணி நேரப் பயிற்சி. 2024 டிசம்பர் 3 முதல் இது தேசிய வகை, சர்வதேச வகை என இரண்டாகப் பிரிந்துவிட்டது. தேசிய வகையில் 3.5 மணி நேர வகுப்புகளாகவும் எடுக்கலாம், ஆனால் அது இங்கே மட்டும்தான் செல்லும். பிரான்ஸின் கலே துறைமுகத்துக்கு அனுப்பும் சாரதியை இதில் சேர்த்துவிட்டுப் பிறகு கையைப் பிசைய வேண்டாம். சிபிசி இல்லாமல் ஓட்டினால் 1,000 பவுண் வரை தண்டம். இருந்தும் கார்டை எடுத்துச் செல்லாவிட்டால் 50 பவுண்.

டாக்கோகிராஃப், அதாவது சாரதி ஓட்டிய நேரத்தையும் ஓய்வையும் பதியும் கருவி, அதற்கான கார்டு ஒருவருக்கு ஒன்றுதான். பிரெஞ்சுக் கார்டை வைத்துக்கொண்டே இங்கும் ஒன்று எடுப்பது குற்றம், மாற்றிக்கொள்ளலாம். தொலைந்தால் 15 நாள் வரை, தொடக்கத்திலும் முடிவிலும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஓட்டலாம். இங்கே நமது பெயர்களால் வரும் தலையிடி தனி. ஒரு கார்டில் தந்தை பெயர் குடும்பப் பெயர் இடத்தில், இன்னொன்றில் அதே பெயர் இரண்டாம் இடத்தில், எழுத்துக்கூட்டலும் வேறு. லைசன்ஸ், சிபிசி, டாக்கோ மூன்றையும் கடவுச்சீட்டோடு ஒரே மேசையில் பரப்பி எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, வித்தியாசத்தை விண்ணப்பிக்கும் முன்பே திருத்துங்கள்.

லைசன்ஸ் வேலை செய்யும் உரிமைக்குச் சான்று ஆகாது. அந்தச் சோதனை தனி. அதில் பிழை விட்டால் ஓர் ஆளுக்கு முதல் தடவை 45,000 பவுண் வரை, மறுதடவை 60,000 வரை. தகுந்த லைசன்ஸ் இல்லாதவரை ஓட்ட விடுவது 1988ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 87ஆம் பிரிவின்படி முதலாளியின் குற்றம். காப்புறுதியும் கைவிடலாம், டிராஃபிக் கமிஷனர் உங்கள் ஒப்பரேட்டர் லைசன்ஸிலும் (லொறித் தொழில் நடத்தும் அனுமதி) கை வைக்கலாம். பிரித்தானிய லைசன்ஸ் என்றால் டிவிஎல்ஏ தளத்தில் சாரதி எடுத்துத்தரும் குறியீட்டை வைத்து நீங்களே பார்க்கலாம். 21 நாளுக்குள் பயன்படுத்த வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது பாருங்கள்.

விளம்பரம் கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: "ஐரோப்பிய லைசன்ஸ் போதும்" என்பதற்குப் பதில் "பரீட்சையில் தேறி எடுத்த சி அல்லது சிஇ, காலம் முடியாத சிபிசி, டாக்கோ கார்டு" என்று போடுங்கள். ஒரு வரிதான் கூடும்.

இப்படிக்கு,
லொறிப் போக்குவரத்து முகாமையாளர்கள் சிலர்,
லண்டன்