அன்னா கார்டி தங்கை அல்ல, அக்கா

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்கப் பாடகர் மார்வின் கேயின் ‘ஹியர், மை டியர்’ ஆல்பத்தைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கறுப்பின அமெரிக்கர்களின் சோல் இசையைப் பற்றித் தமிழில் எழுதுவோர் அரிது என்பதால் மகிழ்ச்சிதான். முதலில் ஒரு திருத்தம். மார்வினின் மனைவி அன்னா கார்டியை, மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கிய பெரி கார்டியின் தங்கை என்று கட்டுரை குறிப்பிடுகிறது. அவர் அக்கா. அன்னா பிறந்தது 1922இல், பெரி கார்டி 1929இல். சின்னப் பிழைதான். ஆனால் கட்டுரை முழுவதும் அன்னா, பணம் கேட்டு வழக்குப் போட்ட மனைவியாக மட்டுமே வந்து போகிறார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கட்டுரையைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: 1975இல் அன்னா விவாகரத்து கோரி வழக்குத் தொடுத்தார். மார்வினிடம் ரொக்கமாகப் பணம் இல்லை. எனவே, அவருடைய அடுத்த ஆல்பத்துக்கான முன்பணத்தில் 3,05,000 டாலர், பிறகு வரும் வருவாயில் 2,95,000 டாலர், ஆக 6 லட்சம் டாலர் அன்னாவுக்குச் சேரும் என்று ஏற்பாடாயிற்று. ஏனோதானோவென்று எதையாவது பதிவு செய்து கொடுத்துவிடலாம் என்றுதான் மார்வின் நினைத்தார். ஆனால் வேலை அவரை உள்ளே இழுத்துக்கொண்டது. 1978 டிசம்பரில் வெளிவந்தபோது அது நான்கு பக்கங்கள் கொண்ட இரட்டை இசைத்தட்டாக இருந்தது. விமர்சகர்களில் பெரும்பாலோர் முகம் சுளித்தார்கள். விற்பனை படுத்துவிட்டது. கால் நூற்றாண்டு கழித்து, 2003இல், ‘ரோலிங் ஸ்டோன்’ இதழின் தலைசிறந்த 500 ஆல்பங்களின் பட்டியலில் அதுவும் இடம்பிடித்தது. அன்றைய விமர்சகர்களுக்குக் காது இல்லை, காலம்தான் சரியான தீர்ப்பு வழங்கியது என்று கட்டுரையாளர் முடிக்கிறார்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1978இல் அந்தத் தட்டைக் கையில் வாங்கியவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் மார்வினின் ‘காட் டு கிவ் இட் அப்’ அமெரிக்கப் பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்து, ஊரையே ஆட வைத்திருந்தது. ‘லெட்ஸ் கெட் இட் ஆன்’, ‘ஐ வான்ட் யூ’ ஆகிய ஆல்பங்கள் பில்போர்டு இதழின் ஆல்பப் பட்டியலில் முறையே இரண்டாம், நான்காம் இடங்களைத் தொட்டவை. அடுத்தது என்ன என்று காத்திருந்தவருக்கு, மனைவியை விளித்துப் பேசிவிட்டுப் பாடத் தொடங்கும் ஒருவரின் குரல் கேட்கிறது. வழக்கறிஞர் கட்டணம் வருகிறது, நீதிபதி சொன்னது வருகிறது. ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டில், திரும்பத் திரும்ப வந்து மனத்தில் உட்காரும் பல்லவியே இல்லை. ஆல்பம் 26ஆம் இடத்தோடு நின்றது. பாட்டு இழுக்கிறது, சொந்தச் சண்டையைக் கடைவிரிக்கிறார் என்று எழுதியவர்கள் காதில் விழுந்ததைத்தான் எழுதினார்கள். அது குறையா, உத்தியா என்பதில்தான் அவர்கள் சறுக்கினார்கள்.

காலத்துக்கு இதில் என்ன பங்கு? 1984இல் மார்வினைப் பெற்ற தந்தையே சுட்டுக் கொன்றார். அடுத்த ஆண்டு டேவிட் ரிட்ஸ் எழுதிய மார்வினின் வாழ்க்கை வரலாறு வந்தது. 1994இல் ஆல்பம் மறுபடி வெளியிடப்பட்டது. இவற்றுக்குப் பிறகு கேட்டவர்கள் துயரக் கதாநாயகன் ஒருவனின் வாக்குமூலமாக அதைக் கேட்டார்கள். ‘எவ்வளவு நேர்மை, எவ்வளவு வலி’ என்ற பாராட்டுகளே அதிகம். உங்கள் கட்டுரையும் அந்த வழியில்தான் போகிறது. திட்டியவர்களும் வழக்கையே கேட்டார்கள், கொண்டாடுகிறவர்களும் வழக்கையே கேட்கிறார்கள். இசையைப் பற்றிக் கட்டுரையில் இரண்டு வாக்கியம் தேறாது.

சொல்வதற்கோ எவ்வளவோ இருக்கிறது. ‘வென் டிட் யூ ஸ்டாப் லவிங் மீ, வென் டிட் ஐ ஸ்டாப் லவிங் யூ’ என்ற பாட்டு ஆல்பத்தில் மூன்று இடங்களில் வருகிறது. முதல் பக்கத்தில் முழுதாக, மூன்றாம் பக்கத்தில் வாத்திய இசையாக, கடைசியில் சிறு துணுக்காக. ஒரு பாட்டுக்குள் இல்லாத பல்லவி, ஆல்பம் முழுமைக்குமான பல்லவியாக அமைந்துவிடுகிறது. தட்டைத் திருப்பிப் போட்டுக் கேட்டவர்களுக்கு இந்தத் தொடர்ச்சி எளிதில் பிடிபட்டிருக்காது. சிடி வந்து இடைவெளியில்லாமல் கேட்க முடிந்தது இந்த ஆல்பத்துக்குச் செய்த உதவி, எந்த விமர்சகர் செய்ததையும் விடப் பெரிது என்பேன்.

‘ஐ மெட் எ லிட்டில் கேர்ள்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் சந்தித்த கதையைச் சொல்லும் அதை, ஒருவர் பாட மற்றவர்கள் பின்னால் நின்று குரலால் இசைகூட்டும் 1950களின் டூ-வாப் பாணியில் அமைத்திருக்கிறார். மூன்குளோஸ் குழுவில் ஒருவராக நின்று மார்வின் பாடப் பழகிய பாணி அது. ஆனால் இங்கே பின்னால் நின்று இசைகூட்டுபவர்களும் அவரேதான். தன் குரலையே அடுக்கடுக்காகப் பதிந்து வைத்திருக்கிறார். ஆல்பம் நெடுகிலும் ஒரு குரல் குற்றம் சாட்டும்போது இன்னொன்று கெஞ்சுகிறது, மற்றொன்று முணுமுணுக்கிறது. ‘நேர்மையான வாக்குமூலம்’ என்ற பாராட்டு எனக்கு ஒட்டாமல் போவதற்கு இதுதான் காரணம். வாக்குமூலம் ஒரே குரலில் அல்லவா இருக்க வேண்டும்?

எல்லாவற்றையும் தூக்கிப் பிடிக்கவும் நான் தயாரில்லை. ‘எ ஃபங்கி ஸ்பேஸ் ரீஇன்கார்னேஷன்’ எட்டு நிமிடம் விண்வெளியில் வழிகிறது. அதைப் போய் மோட்டவுன் தனிப்பாட்டாக வெளியிட்டது! அதைக் கேட்டுவிட்டு ஆல்பத்தை வாங்காமல் போனவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

இனி அன்னா. மோட்டவுன் என்ற பெயர் ஊருக்குத் தெரியும் முன்பே, அவர் பெயரைத் தாங்கிய அன்னா ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் இருந்தது. பாரட் ஸ்ட்ராங்கின் ‘மணி’ பாட்டை நாடு முழுவதும் கொண்டுசேர்த்தது அந்த நிறுவனம்தான். ஒரிஜினல்ஸ் குழு பாடிய ‘பேபி, ஐ’ம் ஃபார் ரியல்’ பாட்டை மார்வினும் அன்னாவும் சேர்ந்து எழுதினார்கள். உலகமே கொண்டாடும் மார்வினின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பத்திலும் இரண்டு பாடல்களை எழுதியவர்களில் ஒருவராக அன்னாவின் பெயர் இருக்கிறது. அவர் பாட்டு எழுதத் தெரிந்தவர், பாட்டு வியாபாரம் அறிந்தவர். பணத்தோடு சேர்த்து இப்படியொரு தட்டும் கைக்கு வந்தபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்ற கேள்வியைக் கட்டுரை எழுப்பவே இல்லை. அவர் 2014 வரை உயிரோடு இருந்தார்.

புதிதாகக் கேட்பவர்கள் முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேட்க வேண்டும் என்று கட்டுரையாளர் பரிந்துரைக்கிறார். நான் மூன்றாம் பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். ‘ஸ்பாரோ’, ‘அன்னாஸ் சாங்’, அதன்பின் அந்த வாத்திய இசை. அந்தப் பக்கத்தில் நீதிபதியும் வருவதில்லை, வழக்கறிஞரும் வருவதில்லை.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி