படத்தில் கிழிசல், கையில் வலி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் தோள்பட்டை வலிக் கட்டுரையில், ‘ஜவ்வு எந்த அளவுக்குக் கிழிந்திருக்கிறதோ அந்த அளவுக்கு வலி இருக்கும்’ என்று ஒரு வரி. என் தோள் அதை ஒப்புக்கொள்ளாது.

சோமனூர்ப் பக்கம் முப்பது வருசம் விசைத்தறி ஓட்டியவன் நான். வயது 66. போன ஐப்பசியில் வலது தோள் பிடித்துக்கொண்டது. ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களிக்க முடியாது. எம்.ஆர்.ஐ. எடுத்தோம். மேல் தசைநாண் (தசையை எலும்போடு கட்டுவது; ஜவ்வு என்று கட்டுரை சொன்னது இதைத்தான்) முழுக்க அறுந்து உள்வாங்கிவிட்டதாம், பின்னால் இருப்பதும் பாதி போச்சாம். முதலில் காட்டிய டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்த கையோடு ஆபரேஷனுக்குத் தேதி கேட்டார். தோளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டாவதாகப் பார்த்தவர், “சட்டையைக் கழட்டிட்டுக் கையைத் தூக்குங்க பாக்கலாம்” என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு காதுவரை தூக்கினேன். பிறகு வலியே இல்லாத இடது தோளிலும் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தார். அங்கேயும் கிழிசல்! “இது எப்ப இருந்துங்க?” என்றார். “நீங்க சொல்லித்தானுங்க எனக்கே தெரியுது” என்றேன். பேரனைத் தூக்கி மொபெட்டில் உட்கார வைப்பதே அந்தக் கையில்தான்.

அவர் சொன்ன காரணம்: தோளின் பந்தைக் கிண்ணத்தில் பிடித்து வைப்பவை நாலு தசைகள். மேலே அறுந்தாலும் முன்னும் பின்னும் உள்ளவை இழுத்துப் பிடித்தால் கை எழும்பும். ஜப்பானில் ஒரு கிராமத்தில் 664 பேரைச் சோதித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், 147 பேருக்குத் தசைநாண் முழுக்கக் கிழிந்திருந்தது. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

அதற்காக ஸ்கேனே வீண் என்பதல்ல. தைத்தால் பிடிக்குமா, தசை கொழுப்பாகிப் போயிற்றா என்பதைப் படம்தான் காட்டும். அடிபட்டுக் கிழிவதும் வேறு கதை. எங்கள் வீதியில் ஒருவர் பைக்கிலிருந்து விழுந்து, கை எழும்பாமலே இரண்டு மாதம் எண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருந்தார். அவர் மறுநாளே ஓடியிருக்க வேண்டும்.

எனக்கு மூன்று மாதப் பயிற்சிதான். கிழிசல் அப்படியேதான் இருக்கும். மறுபடி படம் எடுக்கவில்லை. வலப் பக்கம் படுத்துத் தூங்குகிறேன். பரண்மேல் இருக்கும் அண்டாவை மட்டும் இன்னும் இறக்க முடியவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சோமனூர், கோவை மாவட்டம்