கொயின் பொறுக்கினா ஸ்கோர் வராது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்கட பேப்பர்ல போன ஞாயிறு மாணவர் பக்கத்தில, முடிவில்லாம ஓடுற போன் கேம் விளையாட அஞ்சு டிப்ஸ் எண்டு ஒரு துண்டு போட்டிருந்தனீங்கள். நான் மாணவர் பக்கம் வாசிக்கிற வயசில இல்லை, எனக்கு 62, ஆனா பேப்பர் வாங்கினா ராசிபலன்ல இருந்து மரண அறிவித்தல் மட்டும் ஒண்டும் விடாம வாசிக்கிற ஆள், அதோட அந்தக் கேமை நான் விளையாடுறனான். சிரிக்காதேங்கோ. நீங்கள் போட்ட அஞ்சில மூண்டு சரி, ஒண்டு பிழை, மற்றது பிழையெண்டு சொல்லேலாது, ஆபத்து. அதுதான் பேனையைத் தூக்கினனான்.

எனக்கு வயல் ஒட்டுசுட்டான் பக்கம். காலபோகத்தில கதிர் தள்ளத் தொடங்கினா பிறகு இரவு வீட்டில படுக்கேலாது, காவல் கொட்டில்லதான். பண்டி ஒரு பக்கம், யானை ஒரு பக்கம், கண்ணயர்ந்தா விடிய வரம்பு மட்டும்தான் மிஞ்சும். முந்தி ரேடியோ கேட்டுக்கொண்டு முழிச்சிருப்பன், பிறகு மகள் புதுப் போன் வாங்கேக்க பழசை எனக்குத் தந்தவ, பேரன் அதில சப்வே சர்ஃபர்ஸ் போட்டுவிட்டான். கொட்டில்ல சிக்னல் ஒரு கோடு, மழை இருண்டா அதுவும் இல்லை, ஆனா இது நெட் இல்லாமலும் ஓடுது. நித்திரை வராம இருக்க தேத்தண்ணியை விட இது திறம்.

தெரியாத ஆக்களுக்கு ஒருக்கா சொல்லுறன். ஒரு பெடியன் ரெயின்ல பெயின்ற் அடிச்சுப் பிடிபட்டு ஓடுறான், பின்னால இன்ஸ்பெக்டரும் ஒரு நாயும். மூண்டு தண்டவாளம். இடப்பக்கம் வலப்பக்கம் விரலால தட்டினா லைன் மாறுவான், மேல இழுத்தா பாய்வான், கீழ இழுத்தா உருளுவான். அவ்வளவுதான். முடிவே இல்லை, ஓட ஓட ஸ்பீட் கூடும், எப்பிடியும் கடைசியில அடிபடுறதுதான், எவ்வளவு பிந்தி அடிபடுறாய் எண்டதுதான் விளையாட்டு. இது டென்மார்க் காரர் செய்தது, 2012இல வந்தது. அதுக்கு முதல் வருசம் டெம்பிள் ரன் வந்தது, அது அமெரிக்காவில ஒரு புருசனும் பெஞ்சாதியும் நடத்தின சின்னக் கொம்பனி. அதுக்கும் முந்தி 2009இல கனபால்ட் எண்டு ஒண்டு, அதில ஒரே ஒரு பட்டன், பாயிறது மட்டும்தான். இந்தச் சரித்திரமெல்லாம் பேரன் சொல்லித்தான் தெரியும். 2018இல கூகிள் பிளே ஸ்டோரில 100 கோடி தரம் டவுன்லோட் ஆன முதல் கேம் இந்த சப்வே சர்ஃபர்ஸ்தானாம்.

எனக்கு அந்த 2012 எண்ட கணக்கை மறக்கேலாது, ஏனெண்டா எங்கட பக்கம் அப்ப ரெயினே இல்லை. சண்டையால 1990ஓட நிண்டது, தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர் மூடப் போட்டுது, 2013 செப்டம்பர்லதான் யாழ்தேவி ரெயின் திரும்பக் கிளிநொச்சிக்கு வந்தது. எங்கட பிள்ளையள் கன பேர் ரெயினை முதல் பார்த்தது போன்லதான், கனடாவில இருந்து வந்த தம்பியின்ர மகன் கையில வச்சிருந்த போன்ல, அதுவும் கூரையில ஒருத்தன் ஓடுற மாதிரி. ரெயின் கிளிநொச்சிக்கு வந்த நேரம் பக்கத்து வீட்டுச் சின்னன் ஒண்டு கேட்டுது, இதுக்கு மேல ஏறிறதுக்கு கேமில இருக்கிற சாய்வுப் பலகை எங்க எண்டு. சரி, கதை வேற பக்கம் போட்டுது.

முதல் விசயம், ஓடுற பெடியனைப் பாக்கக் கூடாது. உங்கட துண்டில இது இல்லவே இல்லை, எனக்கு இதுதான் எல்லாத்துக்கும் முதல். நான் ஒரு மாசமா அவனையே பாத்துப் பாத்து விளையாடி, வந்து வந்து அதே ரெயின்ல முட்டிக்கொண்டு இருந்தன். ஒரு நாள் பேரன் பின்னால நிண்டு பாத்துப்போட்டு "அம்மப்பா, ஆளை ஏன் பாக்கிறியள், அவன் எங்கயும் போகமாட்டான், மேல பாருங்கோ" எண்டான். எனக்கு வெக்கமாப் போட்டுது, ஏனெண்டா இதையே நான் அவன்ர தாய்க்கு வரம்பில வச்சுச் சொன்னனான், அவ சின்னனா இருக்கேக்க கடகத்தைத் தலையில வச்சுக்கொண்டு காலைக் குனிஞ்சு பாத்துப் பாத்து நடந்து சேத்துக்க விழுவா, காலைப் பாக்காத பிள்ளை, அங்கால வேம்பைப் பாத்துக்கொண்டு நட, கால் தன்பாட்டில வரும் எண்டு. கேமிலயும் அதேதான். கண் கண்டு விரல் அசைய கால் செக்கன் அளவு போகுது, ஸ்பீட் கூடினா பிறகு பெடியனுக்குக் கிட்ட வந்த ரெயினைக் கண்டு என்ன செய்யிறது, கண்ட நேரம் முடிஞ்சுது. ஸ்கிரீன்ர மேல் பாதியில பார்வையை வச்சா, வாறது சும்மா நிக்கிற ரெயினா எங்களுக்கு எதிரா ஓடி வாற ரெயினா, தடுப்புக்குக் கீழால உருள இடம் இருக்கா எண்டு முன்னமே தெரிஞ்சிடும். பெடியன் கண்ணோரத்தில தெரிவான், அது காணும்.

இன்னொண்டு, விரலை ஸ்கிரீன் முழுக்க இழுக்கத் தேவையில்லை. நான் முதல் முதல் தேங்காய் துருவின மாதிரி இழுத்தனான். பெருவிரலால சும்மா ஒரு சுண்டு, ஸ்கிரீன்ல எந்த இடத்திலயும் செய்யலாம், பெடியன்ர மேல கை வைக்கத் தேவையே இல்லை, வச்சா பாதையை கை மறைக்கும். பாய்ஞ்சு மேல நிக்கேக்கயும் லைன் மாத்தலாம். பாய்ஞ்சது பிழையெண்டு தெரிஞ்சா அந்தரத்திலயே கீழ இழுங்கோ, டபக்கெண்டு இறங்கி உருளுவான். இந்த ஒண்டு கை வந்தா ஸ்கோர் ரெண்டு மடங்கு. நடு லைன்ல நிண்டா ரெண்டு பக்கமும் ஓடலாம், ஓரத்தில நிண்டா ஒரு பக்கம்தான் வழி, இது உங்கட துண்டிலயும் இருந்தது, சரி. ஏலுமெண்டா ரெயினுக்கு மேல ஏறி ஓடுங்கோ, மேல தடை குறைவு, தூரமும் தெரியும்.

இப்ப பிழைக்கு வாறன். "கொயின் ஒண்டையும் விடாதே" எண்டு போட்டிருக்கிறியள். எழுதின தம்பி அல்லது தங்கச்சி இந்தக் கேமை விளையாடிப் பாத்தவையோ தெரியாது. கொயின் வரிசை போற பக்கமெல்லாம் போனா கண் கொயின்ல, கொயின் முடியிற இடத்தில ரெயின் நிக்கும், கன தரம் அப்பிடித்தான். ஸ்கோரைத் தூக்கிறது கொயின் இல்லை, பெருக்குத்தொகை. மேல மூலையில x1, x2 எண்டு ஒண்டு காட்டுது பாருங்கோ, ஓடின ஓட்டத்தை அதாலதான் பெருக்கும். மிஷன் செட் ஒண்டில மூண்டு வேலை குடுப்பாங்கள், இத்தினை தரம் பாய், இத்தினை தரம் உருளு, இத்தினை கொயின் எடு எண்டு, மூண்டும் முடிச்சா x ஒண்டு கூடும், அப்பிடியே x30 மட்டும் போகும். ஒரே ஓட்டம்தான், x2இல ஓடினா ஒரு கணக்கு, x20இல ஓடினா பத்து மடங்கு கணக்கு. வயலில உழைச்சவனுக்கு இது விளங்கும், பசளை போட்ட காணியில இறைக்கிற தண்ணியும் பசளை இல்லாத காணியில இறைக்கிற தண்ணியும் ஒரே தண்ணிதான், விளைச்சல்தான் வேற. அதால முதல் ரெண்டு கிழமைக்கு ஸ்கோரைப் பாக்காதேங்கோ, மிஷனை மட்டும் செய்யுங்கோ. விழுறதெண்டா விழட்டும்.

கொயின் தேவையே இல்லை எண்டும் சொல்லேல்லை. ஹோவர்போர்ட் எண்ட மிதக்கிற பலகை வாங்கவும், கொயினை இழுக்கிற மக்னெட், ஜெட்பக் எல்லாம் கூட நேரம் நிக்க அப்கிரேட் பண்ணவும் வேணும். நான் முதல் ஜெட்பக்கை ஏத்தினனான், அது மேல தூக்கிக்கொண்டு போற நேரம் அடிபட வழியில்லை, கொயினும் கையில வரும். கண்ட கண்ட சட்டைக்கும் தொப்பிக்கும் கொயினைக் கொட்டுற பெடியளைக் கண்டிருக்கிறன், ஓடுறது சட்டை இல்லை.

ஹோவர்போர்ட் ரெண்டு தரம் தட்டினா வரும், 30 செக்கன் நிக்கும், அதுக்குள்ள முட்டினாலும் போர்ட்தான் உடையும், ஆள் தப்பும். இதைத் தொடக்கத்திலயே தட்டுற ஆக்கள் இருக்கினம், தொடக்கத்தில ரெயின் ஆமை மாதிரி வரேக்க அது என்னத்துக்கு. ஸ்பீட் ஏறி நெஞ்சு பதறத் தொடங்கேக்க தட்டுங்கோ. பக்கவாட்டில ரெயின்ல உரஞ்சினா உடன சாகமாட்டான், ஆனா இன்ஸ்பெக்டர் கிட்ட வந்திடுவார், இன்னொருக்கா உரஞ்சினா பிடிதான், அந்த இடைவெளியில போர்ட்டைத் தட்டுறது நல்லம். சப்பாத்து ஒண்டு கிடைக்கும் உயரப் பாய, எனக்கு அதைக் கண்டாலே பயம், மேல போனா இறங்க நேரம் எடுக்குது, அதுக்குள்ள கீழ என்ன நிக்குது எண்டு தெரியாது. விழுந்தா எழுப்ப, கேமில கிடைக்கிற சாவி கேக்கும், முதல் ஒண்டு, பிறகு ரெண்டு, நாலு, எட்டு எண்டு இரட்டிச்சுக்கொண்டு போகும், மீட்டர் வட்டி மாதிரி. நல்ல ஓட்டமெண்டா ஒருக்கா ரெண்டு தரம் குடுங்கோ, அங்கால குடுக்காதேங்கோ.

எனக்கு ஒரு இரவு நல்ல ஓட்டம். ஏழு லட்சம் தாண்டிட்டுது, என்ர வாழ்க்கையில அதுக்கு முதல் மூண்டு லட்சம் தாண்டேல்லை. அப்ப மேற்கு வேலிப் பக்கம் படக்கெண்டு ஒரு கட்டை முறியிற சத்தம். தெரியும் என்னண்டு. ஒரு செக்கன் யோசிச்சனான், பொய் சொல்லேல்லை, ஒரு செக்கன் யோசிச்சனான், பிறகு போனைப் பாயில போட்டுட்டு யானை வெடியைக் கொளுத்தி எறிஞ்சு, பக்கத்து வயல் காரரும் கத்தி, அது திரும்பிக் காட்டுக்க போக அரை மணித்தியாலம். வந்து பாத்தா பெடியன் பிடிபட்டு நிக்கிறான், நாய் வேற பக்கத்தில. பிறகுதான் பேரன் சொன்னான், மேல மூலையில ரெண்டு கோடு இருக்கு, அதைத் தட்டினா நிக்கும் எண்டு. இதை ஒருத்தரும் டிப்ஸில எழுதுறேல்லை.

அடுத்தது ஆபத்து எண்டு சொன்ன விசயம். "கூகிள்ல தேடினா அன்லிமிட்டட் கொயின் வேர்சன் கிடைக்கும், அதைப் போட்டா ஈசி" எண்டு கடைசி டிப்ஸ். ஐயா, இதைச் சின்னப் பிள்ளையள் வாசிக்கிற பக்கத்தில போடலாமோ? என்ர தங்கச்சியின்ர பெடியன் இப்பிடி ஒண்டைப் போட்டவன். பிளே ஸ்டோருக்கு வெளியால இருந்து இறக்கிறதெண்டா முதல் போன்ர பூட்டைத் திறந்து விடச் சொல்லிக் கேக்கும், பிறகு மெசேஜ் வாசிக்க அனுமதி கேக்கும், கொன்ராக்ற் பாக்க அனுமதி கேக்கும், ஓடுற பெடியனுக்கு தங்கச்சிக்கு வாற மெசேஜ் என்னத்துக்கு எண்டு ஒருத்தரும் யோசிக்கேல்லை, எல்லாத்துக்கும் ஓகே குடுத்திட்டான். ரெண்டு நாள்ல போனைத் திறந்தாலே விளம்பரம், கூப்பிட எடுத்தா விளம்பரம், ரீலோட் போட்ட காசு எங்க போகுதெண்டு தெரியாது. போன் கடைத் தம்பி பாத்துட்டு எல்லாத்தையும் அழிச்சுத்தான் எடுக்கலாம் எண்டார், தங்கச்சியின்ர மூத்தவளின்ர சாமத்தியப் படங்கள் அதோட போட்டுது. பேங்க்ல இருந்து வாற இரகசிய நம்பரும் அதே மெசேஜில தானே வருது, அதை ஆர் வாசிச்சினமோ. அடுத்த ஞாயிறு இதுக்கு ஒரு திருத்தம் போடுங்கோ, சின்ன எழுத்தில இல்லாம.

விளம்பரம் தொல்லையெண்டா அதுக்கு வேற வழி இருக்கு, டேட்டாவை நிப்பாட்டிப்போட்டு விளையாடுங்கோ. டேட்டாவும் மிச்சம். கேம் இறக்கக் கூட வசதியில்லாத ஆக்களுக்கு குரோம்ல ஒரு டைனோசர் இருக்கு, நெட் இல்லாத நேரம் வரும், 2014இல வந்தது, தட்டினா ஓடத் தொடங்கும், கள்ளிச்செடிக்கு மேலால பாயவேணும், கொஞ்சம் போனா பறவையும் வரும். எங்கட பக்கத்து சிக்னலுக்கு இதைவிடப் பொருத்தமான கேம் இல்லை. அதில கொயின் ஒண்டும் இல்லை, தூரத்தில பாக்கப் பழகிறதுக்கு அதுதான் நல்லது.

கடைசியா ஒண்டு, முறிகண்டியில இறங்கி பிள்ளையாருக்குத் தேங்காய் அடிச்சுப்போட்டு வாறன், அங்கால தண்டவாளத்தில ரெண்டு பெடியள் காதில வயர் மாட்டிக்கொண்டு நடக்கிறாங்கள், ஒருத்தன் மற்றவனை வீடியோ எடுக்கிறான், கேமில ஓடுற மாதிரி ஸ்டைல் காட்டி. கூப்பிட்டன், கேக்கேல்லை, கல் ஒண்டு எடுத்து முன்னால எறிஞ்சாப் பிறகுதான் திரும்பினாங்கள். பேசிப்போட்டன் நல்லா. அங்க ஹோவர்போர்டும் இல்லை சாவியும் இல்லை. மாணவர் பக்கத்தில இதையும் ரெண்டு வரி சேத்துவிடுங்கோ.

இப்படிக்கு,
ஒட்டுசுட்டான் பக்கத்துக் கமக்காரன்

பி.கு.: ஒண்டு மறந்திட்டன். நல்லெண்ணெய் தேங்காயெண்ணெய் பட்ட கையோட விளையாடாதேங்கோ, விரல் வழுக்கி ஸ்வைப் பண்ணினது போனுக்கு விளங்காது, நான் சாப்பிட்டுக் கை சரியாக் கழுவாம விளையாடித் தோத்தது கன தரம். வேட்டித் தலைப்பால ஸ்கிரீனை ஒருக்காத் துடைச்சிட்டுத் தொடங்குங்கோ. பேரன்ர பெஸ்ட் ஸ்கோர் 31 லட்சம், அவன் எழுதச் சொன்னவன்.