கடைக்கு மேலே உங்கள் பெயர்

லண்டன்
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கே நலம். அம்மாவின் முட்டிவலி தேவலையா? போன வாரம் போனில் பேசும்போது கடையில் கூட்டம் என்று சீக்கிரம் வைத்துவிட்டீர்கள். சொல்ல நினைத்தது பாதி மிச்சம் இருக்கிறது. அண்ணனை இதைச் சத்தமாகப் படித்துக்காட்டச் சொல்லுங்கள்.

வேலை பழகிவிட்டது, குளிர்தான் இன்னும் பழகவில்லை. இங்கே கடையில் ஆடு அறுப்பதே கிடையாது. அதற்கென்று ஊருக்கு வெளியே தனிக் கூடம், தனி ஆட்கள். உரித்த முழு ஆடு எங்களிடம் வந்து கொக்கியில் தொங்கும். பிரித்துக் கொடுப்பது மட்டும்தான் எங்கள் வேலை. மாட்டுக்கறியை மூன்று நான்கு வாரம்கூடக் குளிரில் தொங்கவிட்டு விற்கிறார்கள். விடியற்காலையில் அறுத்ததை மதியத்துக்குள் விற்றுத் தீர்க்கிற நம் கணக்குக்கு அது முதலில் ஒப்பவே இல்லை. சுவரொட்டி, குடல் எல்லாம் கடைக்கே வருவதில்லை. அதை நினைத்தால் களியும் குடல் குழம்பும் ஞாபகம் வந்துவிடுகிறது.

முதல் வாரம் நடந்ததைச் சொல்கிறேன். முதலாளிக்கு எழுபது வயது இருக்கும். ஒரு ஆட்டுத் தொடையை என் முன்னால் போட்டு, இடுப்பெலும்பைக் கழற்றச் சொன்னார். பக்கத்திலேயே ரம்பம் இருந்தது. நான் தொடவில்லை. "எலும்போடு சண்டை போடாதே, மூட்டைத் தேடு" என்பீர்களே, அதுதான் காதில் கேட்டது. இடது கட்டைவிரலால் தடவி, உருண்டை அசையும் இடத்தைப் பிடித்து, கத்தி முனையை உள்ளே விட்டுத் திருகினேன். டக்கென்று கழன்றது. வெள்ளை மூட்டில் ஒரு கீறல் இல்லை. அவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, யாரிடம் கற்றாய் என்று கேட்டார். என் அப்பாவிடம், அவரும் புட்சர்தான் என்றேன். நம் தொழிலின் பெயரை இன்னொருவரிடம் தயங்காமல் நான் சொன்னது அதுதான் முதல் தடவை, அப்பா.

பள்ளிக்கூடத்தில் என்னைக் கசாப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். உங்களிடம் சொன்னதில்லை. அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள், கறிக்கடை என்று தெரிந்ததும் காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்களே, அடுத்த நாள் காலையில் நீங்கள் ஏணி போட்டுக் கடைப் பலகையைக் கழற்றி உள்ளே வைத்தீர்கள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் ஒன்றும் பேசவில்லை.

சரி, இங்கே கேட்டதைச் சொல்கிறேன். புட்சர் என்ற சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்ததாம். அதில் 'பூக்' என்றால் வெள்ளாட்டுக் கிடா. அதாவது, கிடா அறுப்பவருக்கு வைத்த பெயர். எங்கள் கடையில் வெள்ளாடே கிடையாது, எல்லாம் செம்மறி, மாடு, பன்றி. கிடாவைத் தவிர வேறு எதையும் அறுக்காத உங்களுக்குத்தான் அந்தப் பெயர் அச்சாகப் பொருந்துகிறது. நாம் சொல்லும் கசாப்பும் அரபியிலிருந்து வந்தது. கஸ்ஸாப் என்றால் அறுத்துக் கூறுபோடுபவர். பாவி என்றோ இரக்கம் இல்லாதவன் என்றோ அதில் எங்கேயும் இல்லை. அதெல்லாம் பிற்பாடு ஊர் சேர்த்தது.

இங்கேயும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஈவு இரக்கமில்லாமல் கொன்றான் என்பதற்கும் இதே சொல், ஒரு வேலையைக் குதறிவைத்தான் என்பதற்கும் இதே சொல். எனக்குக் கோபம் வருவது இரண்டாவதில்தான். குதறுவதா நம் வேலை? ஒரு நரம்பு பிசகாமல் தொடை வேறு, சாப்ஸ் வேறு, நெஞ்செலும்பு வேறு என்று நீங்கள் பிரித்து அடுக்குவதைப் பார்த்த யாரும் அப்படிப் பேசமாட்டார்கள்.

ஆனால் தொழிலுக்கு மரியாதை இருக்கிறது. 1605-இல் அரசரே இங்குள்ள புட்சர்கள் சங்கத்துக்குப் பட்டயம் கொடுத்திருக்கிறார். ஸ்மித்ஃபீல்டு என்று பெரிய இறைச்சிச் சந்தை, 1868-இல் திறந்த கட்டடம், நள்ளிரவு தாண்டியதும் வியாபாரம். ஒருநாள் முதலாளி கூட்டிக்கொண்டு போனார். உயிரோடு ஆடுமாடு விற்பதை 1855-லேயே அங்கிருந்து மாற்றிவிட்டார்களாம். விளக்கு வெளிச்சமும் பேரம் பேசும் சத்தமும் சேர்ந்து, வெள்ளிக்கிழமை விடியலில் உங்களோடு குந்தாரப்பள்ளிச் சந்தையில் நிற்பது போலவே இருந்தது. ஆட்டின் முதுகைத் தடவியே எடை சொல்வீர்களே, அப்படிச் சொல்ல அங்கே ஆடுதான் இல்லை.

எங்கள் கடை வாசலில் பெரிய பலகை. முதலாளியின் தாத்தா பெயர், கீழே புட்சர் என்று தங்க எழுத்து. தினமும் ஷட்டரைத் தூக்கும்போது அதை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

அண்ணன் கணக்குக்குப் பத்தாயிரம் அனுப்பியிருக்கிறேன். கறி வெட்டும் கட்டைக்குச் செலவழிக்க வேண்டாம். அந்தப் புளியங்கட்டை நடுவில் குழிந்திருந்தால் மேலே இழைத்துவிட்டாலே போதும். இந்தப் பணம் பலகைக்கு. பழையதைத் தேட வேண்டாம், புதிதாகவே எழுதச் சொல்லுங்கள். மேலே உங்கள் பெயர். கீழே கசாப்புக் கடை என்றே இருக்கட்டும், மட்டன் ஸ்டால் என்று மாற்றவேண்டாம். எழுத்து பெரிதாக இருக்கவேண்டும், பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரியும்படி. மாட்டியதும் அண்ணனை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், நீங்களும் அதற்குக் கீழே நிற்கவேண்டும்.

அன்பு மகன்