மின்நூல் விற்பனை: யார் கைக்கு எவ்வளவு?

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம், என் ஆசிகளைச் சொல்.

அமெரிக்காவில் மின்நூலைச் சொந்தமாகப் போடுகிறவர்கள், பதிப்பகம் வழியாக வருகிறவர்களைவிட அதிகம் விற்கிறார்களா என்று கேட்டிருந்தாய். பிரதிக் கணக்கை அப்புறம் பார்க்கலாம். ஒரு பிரதி விற்றால் எழுதியவர் கைக்கு என்ன வருகிறது என்று முதலில் போட்டுப் பார்.

பெரிய பதிப்பகத்தின் நாவல் அமேசானின் மின்நூல் கடையான கிண்டிலில் 14.99 டாலர் என்று வைத்துக்கொள். கடைக்கு 30 சதவீதம் போக, பதிப்பகத்துக்கு 10.49. அதில் எழுத்தாளருக்கு வழக்கமாக 25 சதவீதம், அதாவது 2.62. எழுத்தாளருக்காகப் பதிப்பகத்தோடு பேசும் ஏஜென்ட் 15 சதவீதம் எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது 2.23. அதுவும் வாங்கிய முன்பணம் கழிந்த பிறகுதான். சொந்தமாகப் போடுகிறவர் 4.99 விலை வைத்து, கோப்பு ஒரு எம்பி இருந்தால், டெலிவரிக்கு 15 சென்ட் கழித்து மீதியில் 70 சதவீதம்: 3.39. மூன்றில் ஒரு பங்கு விலைக்கு விற்று ஒன்றரை மடங்கு வாங்குகிறார். அட்டை, எடிட்டிங், விளம்பரம் எல்லாம் அவர் தலையில் என்பது வேறு.

இந்த 70 சதவீதம், விலை 2.99 முதல் 9.99 டாலர் வரை இருந்தால்தான். 99 சென்ட்டுக்கு விற்றால் 35 சதவீதம். பதிப்பகம் வழியாக வருகிறவரின் அந்த 2.23-ஐப் பிடிக்க ஆறேழு பிரதி போக வேண்டும். பட்டியலில் மேலே நிற்கும் 99 சென்ட் நூலைப் பார்த்து மயங்காதே. படங்கள் நிறைந்து கோப்பு 10 எம்பி ஆனால், 4.99 நூலிலும் 2.44தான் தேறும்.

இனி எண்ணிக்கை. சொந்த மின்நூல்கள் பலவற்றுக்கு ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண் கிடையாது, அமேசானே ஓர் எண் கொடுத்துவிடும். அதனால் பதிப்பகங்கள் தரும் விவரங்களை வைத்துப் போடும் கணக்கில் இவை சிக்குவதில்லை. 'மின்நூல் விற்பனை சரிவு' என்று செய்தி வந்தால், யாருடைய மின்நூல் என்று கேள். சொந்தமாக நூல் போட்டுப் பெயர் வாங்கிய அமெரிக்க எழுத்தாளர் ஹியூ ஹோவி 2014 பிப்ரவரியில் வெளியிட்ட 'ஆத்தர் ஏர்னிங்ஸ்' அறிக்கை இந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தது: அமேசான் தரவரிசையிலிருந்து விற்பனையை ஊகிப்பது அதன் வழி. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. அதே ஆண்டு ஜூலையில், மாதச் சந்தா கட்டி நூல்களை எடுத்துப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் வந்தது. ஒருவர் அதில் நூலை எடுத்தாலே தரவரிசை ஏறிவிடும், ஆனால் 2015 ஜூலையிலிருந்து பணம் படித்த பக்கத்துக்குத்தான். எடுத்துவிட்டுத் திறக்காத நூலுக்குப் பைசா வராது.

வகையும் முக்கியம். காதல் கதை, அறிவியல் புனைவு, மிகைப்புனைவு என்று தொடர்வரிசையாக எழுதுகிறவர்கள் சொந்தமாகப் போட்டு ஜெயிக்கிறார்கள். இலக்கிய நாவலும் குழந்தை நூலும் அச்சில்தான் அதிகம் ஓடும். அங்கே பதிப்பகத்தின் கைதான் ஓங்கியிருக்கிறது.

நீ உன் நாவலை, சொந்தமாக நூல் போட அமேசான் நடத்தும் கேடிபியில் போடுவதாக இருந்தால் ஒன்று: இந்தியக் கடையில் 70 சதவீதம் வேண்டுமானால் அமேசானுக்கு மட்டுமே மின்நூலைத் தரும் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்த்தே ஆக வேண்டும். 90 நாள் அந்த மின்நூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. வலைப்பூவில் முழுசாகப் போட்டிருக்கிறாயே, அதை முதலில் எடுத்துவிடு. அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தடை இல்லை. 90 நாள் முடிந்தால் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். வேண்டாமென்றால் தானாகப் புதுப்பிக்கும் அந்த டிக்கை முன்னாலேயே எடுத்துவிடு.

அன்புடன்,
ரவி